மீன் தொட்டிக் கட்டையும் கொளஞ்சியப்பனும்

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு மனமகிழ் மன்றம். அதன் கூடத்தில் நாலடி நீளத்துக்கு ஒரு கண்ணாடி மீன் தொட்டி. அதைப் பார்த்துக்கொண்டவர் கொளஞ்சியப்பன், தினக்கூலி. கம்மாபுரம் பக்கத்து ஆள். அடுத்தவர் வயலில் நட்டும் அறுத்தும் பிழைத்த குடும்பம். வயல்கள் சுரங்கத்துக்குப் போனதும் சடையப்பன் என்கிற காண்ட்ராக்டரிடம் சேர்ந்தார். ஒன்பது வருஷம் சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டிகளுக்குள் இறங்கி, பிளீச்சிங் பவுடரைக் கொட்டித் தேய்த்தார். மேலே ஒரு ஆள் நுழையும் ஓட்டை தவிரக் காற்றுக்கு வேறு வழி கிடையாது. அந்த வேலையில்தான் அவருடைய மூக்கு செத்துப்போனது. அதற்குப் பிறகுதான் காண்ட்ராக்டர் அவரை மன்றத்து வேலைக்கு அனுப்பினார்.

முதலில் கண்டுபிடித்தவள் மனைவி ருக்குமணி.

"சோறு அடிபுடிச்சித் தீயுது. பக்கத்துலயே குந்திகினு பீடி வலிக்கிறியே, மூக்க வாடகைக்கு வுட்டுட்டியா?"

கொளஞ்சியப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. "இத யாருகிட்டயும் சொல்லிகினு திரியாத" என்றார்.

காரணம் இருந்தது. 1983-இல் மன்றத்தில் ஒரு அட்டெண்டர் வேலையைப் பர்மனென்ட் ஆக்குவதாகப் பேச்சு அடிபட்டது. நாலு வருஷமாக அங்கே உழைக்கும் கொளஞ்சியப்பனுக்குத்தான் கிடைக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். மூக்கு போனவனை எந்த டாக்டர் வேலைக்குத் தகுதி என்று எழுதுவார்? கூலிக்காரராகவே கிடந்தால், காண்ட்ராக்டர் கூப்பிட்ட அன்றைக்கு மறுபடி அந்த இருட்டுத் தொட்டிகள்தான்.

மீன் தொட்டியின் நடுவில் ஒரு வேர்க்கட்டை உண்டு. மன்றச் செயலாளர் ஜெயராமன், சுரங்கத்து இன்ஜினீயர், ஆற்றோரம் ஒதுங்கிக் கிடந்ததை ஜீப்பில் ஏற்றிவந்து போட்டது. ஜன்னல் வெயில் பட்டு அதில் பாசி ஏறிக்கொண்டே இருக்கும். மாதம் ஒருமுறை கொளஞ்சியப்பன் அதை வெளியே எடுத்து, சோப்பு படாத பிரஷால் தேய்ப்பார். இடுக்குகளைத் தேங்காய் நாரால் நோண்டுவார். டிரம்மில் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து, இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறப்போட்ட பிறகுதான் மீன்களிடம் திரும்பக் கொடுப்பார். மரம் எதையும் குடித்து வைத்துக்கொள்ளும், மெதுவாகத்தான் கக்கும். அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை, மேனேஜர் நல்லசாமி வந்து தொட்டி முன்னால் நின்றார். கோபிச்செட்டிபாளையத்துக்காரர், நல்ல மனுஷன், வாய்தான் சும்மா இருக்காது.

"என்னப்பா கொளஞ்சி, மீன் வளர்க்கறியா, புல்லு வளர்க்கறியா? சனிக்கிழமை கமிட்டி மீட்டிங். உன் பேரைச் செயலாளரே எடுக்கறேன்னு சொல்லியிருக்காரு. கட்டை இப்படிக் கெடந்தா எப்படி எடுப்பாரு?"

இந்தத் தடவை கறுப்புப் பாசி. மயிர் மாதிரி கட்டையோடு ஒட்டிப் பிடித்திருந்தது, பிரஷுக்கு அசையவில்லை. கொதிக்க வைக்கலாம் என்றால் டிரம்மை ஒரு கல்யாணத்துக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். கொளஞ்சியப்பனுக்குக் கை பரபரத்தது. பழகிய கை, பிளீச்சிங் பவுடரைக் கரைத்தது. கட்டையை முக்கி எடுத்தார். பாசி வெளுத்துக் கழன்று வந்தது. வெள்ளிக்கிழமை முழுக்க நாலைந்து முறை தண்ணீர் மாற்றினார். சனிக்கிழமை மதியம் வரை வெயிலில் போட்டார்.

சிமெண்டுத் தொட்டியில் கணக்கு சுலபம். நெடி போகும் வரை கழுவு, போனதும் தண்ணீரைத் திற. நெடி போயிற்றா என்று மேலே நிற்கும் ஆள் குனிந்து பார்த்துச் சொல்லிவிடுவான். இங்கே யார் சொல்வது? யாரையாவது முகர்ந்து பார்க்கச் சொன்னால், உனக்கென்ன கேடு என்று கேட்பார்களே?

நல்லசாமி கணக்கு நோட்டோடு எட்டிப் பார்த்தார். "பவுடர் போட்டியாமே, வாசம் போயிடுச்சா?"

கொளஞ்சியப்பன் கட்டையை மூக்கருகே தூக்கி, இழுத்து முகர்ந்தார். "சுத்தமா பூடுச்சிங்க" என்றார். மூன்று மணிக்குக் கட்டையைத் தொட்டிக்குள் இறக்கினார்.

ஐந்து மணிக்குக் கமிட்டிக்காரர்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. பிறகு ஒன்று சாய்ந்தது. இன்னொன்று. கொளஞ்சியப்பன் ஓடிவந்து கட்டையைத் தூக்கினார். இருந்த பக்கெட்டில் எல்லாம் மீன்களை அள்ளிப் போட்டார். பதினாலில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஜெயராமன் கட்டையிடம் குனிந்தார், சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மூக்கைத் துளைக்குதேய்யா! இது உனக்குத் தெரியலையா?"

தெரியவில்லை என்று சொன்னால், இந்த வருஷம் மட்டுமல்ல, எந்த வருஷமும் வேலை இல்லை. தெரிந்தது என்று சொன்னால் இன்று ஒரு நாள் ஏச்சு. அப்படித்தான் கொளஞ்சியப்பன் எடை போட்டார்.

"தெரிஞ்சுதுங்க. பரவால்லனு போட்டுட்டேங்க."

"தெரிஞ்சே போட்டியா?" ஜெயராமன் குரல் உயரவில்லை. "தெரியாமச் செஞ்சிருந்தா நானே உனக்காகப் பேசியிருப்பேன். தெரிஞ்சே செஞ்சவனை எப்படி நம்பறது?" வேலைக்கான பெயர்ப் பட்டியலை வாங்கினார், கொளஞ்சியப்பன் பெயர்மேல் ஒரு கோடு போட்டார். "திங்கக்கிழமையிலிருந்து காண்ட்ராக்டர்கிட்டயே போயிடு."

எல்லோரும் போன பிறகு நல்லசாமி பின்கட்டுக்கு வந்தார். கொளஞ்சியப்பன் மீன்களைப் புதைக்கக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா அப்படிச் சொன்னே? நாலு வருஷமா உன்னைப் பார்க்கறேன். நீ அப்படிப்பட்ட ஆளில்லையே."

அப்போதுதான் கொளஞ்சியப்பன் மூக்கைப் பற்றிச் சொன்னார். இருட்டுத் தொட்டிகளையும், டாக்டர் சர்டிபிகேட்டையும் சொன்னார்.

நல்லசாமி நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட பாவி. டாக்டர் கண்ணையும் நெஞ்சையும் பார்ப்பாரு. மூக்கை எவன்யா பார்க்கறான்?"

மண்வெட்டி நின்றது.

"இப்பப் போயி செயலாளருகிட்ட சொல்லட்டுமா?"

"வாணாங்க. இப்ப சொன்னா, தப்பிச்சிக்கப் பொய் சொல்றான்னுதான் சொல்லுவாங்க."

அதுவும் சரிதான் என்பதுபோல நல்லசாமி மீன் பக்கெட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

வீட்டில் ருக்குமணி வாசலுக்கே வந்துவிட்டாள். "வேலைக்கு எழுதிட்டாங்களா?"

"இல்ல. திங்கக்கெழம சடையப்பன் ஆளுங்களோட தொட்டி கழுவப் போவணும்" என்று சொல்லிவிட்டு, கொளஞ்சியப்பன் கைகால் கழுவப் போனார்.