தெய்வானை அளந்த தெரு

மகளின் பள்ளி வேலைக்காக இன்று மைதா பசை காய்ச்சியபோது எழுந்த அந்த வாசனை, திருச்சுழிப் பக்கம் நான் ஒன்பதாவது படித்த ஊருக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது.

புவியியல் சார் ஊரைக் காலடியால் அளந்து வரைபடம் போடச் சொல்லியிருந்தார். வெயிலில் வெடித்துக் கிடந்த கரிசலில் நானும் என் வகுப்புத் தோழி தெய்வானையும் வாய்விட்டு எண்ணிக்கொண்டே நடந்து, கண்மாய், கோயில், கடைகள் என்று ஒவ்வொன்றாகக் குறித்தோம். நூறு காலடிக்கு ஒரு அங்குலம் வைத்து நான் வரைந்தேன்.

வரைந்து முடித்ததும், "எங்க தெரு எங்கடி?" என்றாள்.

இன்று ஆளில்லாமல் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் அந்தத் தெரு அப்போது ஓடையைத் தாண்டி இருந்தது. அங்கே போக என்னை வீட்டில் விட்டதில்லை.

"தாளு பத்தலடி" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. மறுநாள், தான் தனியாக அளந்து எழுதிய கணக்கோடு ஒரு வெள்ளைத்தாளும் கொண்டுவந்து, "இத வரஞ்சு ஒட்டு" என்றாள். வீடுகளையும் அடிபம்பையும் இரண்டு வேம்பையும் வரைந்து, பசை தடவி ஒட்டினேன். என்னைவிடக் குட்டையான அவளுக்குக் காலடியும் சிறியது என்பதால், எண்ணிக்கை கூடி, தெரு இருப்பதைவிட நீளமாக வந்திருந்தது. ஒட்டும்போதே எனக்கு அது தெரிந்தது.

சார் வரைபடத்தை விரித்துப் பார்த்தார். "ஏம்மா, ஓடைக்கு அங்கிட்டு இருக்குற தெரு ஊரைவிடப் பெருசாவா இருக்கு?"

"அளந்தது அப்படித்தான் சார்" என்றேன்.

அன்று மாலை தெய்வானையோடு முதல்முறையாக ஓடையைத் தாண்டினேன்.