பலகையைப் பிடித்த கை

தெப்பக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் ஒரு சின்ன அச்சகத்தில் டி.டி.பி. வேலை பார்த்தாள் இருதயமேரி. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கல்லூரி மலர் என்று எது வந்தாலும் இருபது வருஷமாக மளமளவென்று அடித்துக் கொடுப்பாள். என்ன அடிக்கிறோம் என்பதை மனதில் வாங்கிக்கொள்ளமாட்டாள். யாழினியின் நாவலையும் அப்படித்தான் அடிக்க ஆரம்பித்தாள்.

யாழினி ஸ்ரீரங்கத்துக்காரி, பள்ளிக்கூட டீச்சர். இலங்கைப் போரை வைத்துச் சிறுவர்களுக்காக எழுதியிருந்தாள். அதில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, தலைக்கு மேல் ஹெலிகாப்டர் சுட்டுக்கொண்டிருக்கும்போதே பதுங்குகுழியிலிருந்து வெளியே பாய்ந்து, தோழியை உள்ளே இழுத்துக் காப்பாற்றுகிறாள்.

அந்த இடத்தில் இருதயமேரியின் விரல்கள் நின்றுவிட்டன. மூன்று நாளாக அதே பக்கம். நான்காம் நாள் யாழினியே பஸ் பிடித்து வந்துவிட்டாள்.

"என்னக்கா, என் கையெழுத்து புரியலையா?"

"புரியுதும்மா. ஆனா இது இப்படி நடக்காது."

"எப்படிச் சொல்றீங்க?"

"நான் அந்த மாதிரிக் குழிக்குள்ள இருந்தவ."

அச்சகத்தில் வேறு யாரும் இல்லை. முப்பத்தைந்து வருஷமாக யாரிடமும் சொல்லாததை, திரையைப் பார்த்தபடியே இருதயமேரி சொன்னாள்.

தொண்ணூறாம் வருஷம், மன்னார்ப் பக்கத்துக் கடலோரக் கிராமம். முற்றத்தில் வெட்டிய குழி. மேலே கூரையாகப் பனங்குற்றிகள், வாயை மூட ஒரு பலகை. உள்ளே இருதயமேரி, அவளுடைய இரண்டு தம்பிகள், பக்கத்து வீட்டுப் பிரான்சி. இரண்டு பெண்களுக்கும் பத்து வயது. காலையிலிருந்து தம்பிகள் தண்ணீர் கேட்டு அழுதார்கள். வெளியே ஹெலிகாப்டர் சத்தம் அடங்கியதும், "நான் அள்ளிக்கொண்டு வாறன்" என்று சின்னக் குடத்தோடு பிரான்சி வெளியே ஏறினாள்.

அவள் கிணற்றடிக்குப் போய்ச் சேர்ந்திருப்பாள். ஹெலிகாப்டர் திரும்பி வந்தது. இருதயமேரி பலகையை இழுத்து மூடி, அதன் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். காலடிச் சத்தம் ஓடிவந்தது. யாரோ பலகையில் தட்டினார்கள்.

"திறவடி மேரி. நான்தான்."

குரல் தெரிந்தது. பிரான்சிதான் என்று தெரிந்தே, அவள் கயிற்றை விடவில்லை. இன்னொரு தடவை தட்டும் சத்தம். அப்புறம் வெடிச்சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

பெரியவர்கள் வந்து பிரான்சியைத் தூக்கியபோது குடத்தில் பாதித் தண்ணீர் இருந்தது. பிள்ளை கிணற்றடியிலிருந்து வரும் வழியில் அகப்பட்டுக்கொண்டாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். யாரும் இவளைக் கேட்கவில்லை. பத்து நாளில் படகேறி ராமேஸ்வரம் வந்து, அங்கிருந்து திருச்சி கொட்டப்பட்டு அகதி முகாமுக்கு வந்தார்கள். பிரான்சியின் அம்மாவும் ஆறு வயதுத் தம்பி ஜேக்கப்பும் அதே படகில்தான் வந்தார்கள். "நீயாவது மிஞ்சினியே" என்று அந்த அம்மா இவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அன்றைக்குப் பிடித்தது, இன்னும் விடவில்லை. பட்டப்பகலில் தட்டும் சத்தம் கேட்கும். எழுந்து போய்க் கதவைத் திறப்பாள். வெளியே வெயில்தான் இருக்கும். இவளுக்குத் தலை நரைத்துவிட்டது. அந்தக் குரலுக்கு மட்டும் இன்னும் பத்து வயது.

யாழினி அந்தப் பக்கத்தைக் கையில் எடுத்தாள். "அந்த அத்தியாயத்தையே எடுத்துடறேன்க்கா."

"எடுக்காதீங்க, மாத்தி எழுதுங்க. தண்ணிக்குப் போனவதான் தைரியசாலி. உள்ள இருந்தவ பயந்துட்டா. பிள்ளைங்க ரெண்டு பேரையும் பத்திப் படிக்கட்டும்." பிறகு சொன்னாள்: "ஆனா அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி நான் ஒருத்தர்கிட்டச் சொல்லணும்."

பிரான்சியின் தம்பி ஜேக்கப் இப்போது ஆட்டோ ஓட்டுகிறான். இவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் கோயில் வாசல் வேப்பமரத்தடியில் அவனை நிறுத்தி, ஒன்று விடாமல் சொன்னாள். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

அவன் ஆட்டோ சாவியையே பார்த்துக்கொண்டிருந்தான். "கடைசியா என்ன சொன்னா?"

"'திறவடி மேரி, நான்தான்'னு."

"அழுதாளா?"

"இல்ல. நான் திறப்பேன்னு நம்பிக்கிட்டுத்தான் கூப்பிட்டா."

"அம்மா சாகிறவரைக்கும் இதைத்தானே கேட்டாங்க, பிள்ளை கடைசியா என்ன சொல்லிச்சுன்னு. அப்பல்லாம் நீங்க பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க?" என்றான். பதிலுக்கு நிற்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த ஞாயிறு அவன் பூசைக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. பிறகு வந்தான், ஆனால் தூரத்து வரிசையில் உட்கார்ந்து, அவள் பக்கம் திரும்பாமலேயே எழுந்து போனான். யாழினி மாற்றி எழுதிக்கொடுத்த அத்தியாயத்தை இருதயமேரி ஒரே மூச்சில் அடித்து முடித்தாள். புத்தகம் வந்தது. ஒரு பிரதியைக் காகிதத்தில் சுற்றி ஜேக்கப்பின் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். அங்கிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை.

நவம்பரில் கல்லறைத் திருநாள். பிரான்சியின் அம்மாவுடைய கல்லறையில் ஜேக்கப் மண்ணைக் கூட்டிப் பூப்போட்டுக்கொண்டிருந்தான். இருதயமேரி நாலு கல்லறை தள்ளியே நின்றுவிட்டாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "புத்தகத்தை என் பொண்ணு படிச்சா. பிரான்சி அத்தை எப்படி இருப்பாங்கன்னு கேக்குறா. எனக்கு அவ முகமே ஞாபகமில்ல."

இருதயமேரி சொன்னாள்: "எனக்கு இருக்கு."

"அப்ப வீட்டுக்கு வந்து அவகிட்டச் சொல்லுங்க" என்றான். அக்கா என்று கூப்பிடவில்லை. பையிலிருந்து ஒரு மெழுகுவத்தியை எடுத்து நீட்டினான். இருதயமேரி கிட்டே போய் வாங்கிக்கொண்டாள்.