றெஜினாவுக்கு ஒரு மெழுகுதிரி

கம்பஸில், சாதித்த பழைய பட்டதாரிகளைக் கௌரவிக்கும் விழா. வரவேற்பு நடனம் ஆடும் என் மகளின் சலங்கை அவிழ்ந்துவிடுமோ என்று பதறியபடி இருந்தேன். குத்துவிளக்கை ஏற்றியதும் மெழுகுதிரியை ஊதி அணைத்தார்கள். கருகிய திரியின் மணம் வந்தது.

எங்கள் ஊர் இறக்கக்கண்டிச் சேமக்காலையின் மணம் அது. மரித்தோர் நாளில் அம்மா ஈர மணலைக் கையால் குழித்து, சேலைத் தலைப்பால் காற்றை மறைத்து, செத்துப்போன எங்கள் ஆட்களுக்கெல்லாம் மெழுகுதிரி கொளுத்துவா. கடைசித் திரி பக்கத்து வீட்டு றெஜினாவுக்கு. கடல் ஊருக்குள் வந்த அன்று அவர்களுடைய வீடே ஆட்களோடு போய்விட்டது. வகுப்பில் ஒரே வாங்கில் என் பக்கத்தில் இருந்தவள். வெறும் வாங்கைப் பார்க்கப் பயந்து நான் பள்ளிக்கூடத்தையே விட்டேன்.

"இண்டைக்கு மட்டும் போ பிள்ளை" என்று அம்மா கெஞ்சியும் ஏலவில்லை.

"கலாநிதி றெஜினா..." ஒலிபெருக்கி தகப்பன் பெயரையும் சொன்னது. மேடையேறியவளின் இடது புருவத்தில் சின்ன வயதில் நான் பார்த்த அதே தழும்பு.

விழா முடிந்ததும் ஓடிப்போனேன். "எடியே, நீ உயிரோடயா?"

அவள் என்னை வெறித்துப் பார்த்தாள். "நத்தாருக்கு வந்த மாமி, கடல் வந்த அண்டு விடியவே என்னை மன்னாருக்குக் கூட்டிக்கொண்டு போனவ. உங்கட பக்கம் ஒருத்தரும் தப்பேல்லை எண்டவை. இங்க படிக்கேக்கயும் அங்கால வர மனம் வரேல்லை. நீ செத்திட்டாயெண்டு உனக்கு நான் பூசை ஒப்புக்குடுத்தனானடி!"

அழுகையும் சிரிப்புமாக என் கையைப் பிடித்தாள். "நீ என்னடி படிச்சனி?"

"வாங்கில உன்ர இடம் காலியாக் கிடந்தது" என்றேன்.