விரல் தெரியாத பாடங்கள்

எங்கள் கல்லூரிக் கணக்கு வாத்தியாருக்கு ‘ஒலிபெருக்கி’ என்று பெயர். வைத்தது மாணவர்கள். ஊரெல்லாம் பரப்பியது, பக்கத்து அறையில் வேதியியல் நடத்தும் நான். அவர் தொண்டையைத் திறந்தால் என் வகுப்பிலும் கணக்குத்தான் நடக்கும். இருபத்தாறு வருடம் கரும்பலகை முன் நின்ற மனிதர். ஆன்லைன் வகுப்பு வந்தபோது, “பலகை மாறுது, அவ்வளவுதானே?” என்று சொல்லிவிட்டு, படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு நாற்பது பாடங்களைப் பதிவு செய்து ஏற்றிவிட்டார். அதில் அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு பருவம் முழுக்க ஓடி முடிந்த பிறகுதான் ஆசிரியர்களுக்குப் பயிற்சி வைக்க வேண்டும் என்று நிர்வாகத்துக்குத் தோன்றியது. மழை விட்ட பிறகு குடை வாங்குவது அவர்கள் வழக்கம்.

பயிற்சி தர வந்த பெண்மணி அதிகம் பேசவில்லை. “இன்னிக்கு நீங்கதான் மாணவர்கள். உங்க பாடத்தை நீங்களே பாத்து, அதுல கடைசியா இருக்கற கணக்கைப் போடுங்க. யாரு முதல்ல?”

ஒலிபெருக்கி முதல் ஆளாக எழுந்தார்.

பெரிய திரையில் அவருடைய பன்னிரண்டாம் பாடம் ஓடியது. பக்கம் நிறையச் சமன்பாடுகள். மேலே அவருடைய கணீர்க் குரல்: “இதைப் பாருங்க. இதைக் கொண்டுபோய் இங்க போட்டா, இதும் இதும் அடிபட்டுடும். மிச்சம் இது.”

எது? திரையில் ஒன்றும் அசையவில்லை. மனிதர் மடிக்கணினித் திரையின் மேல் விரலை வைத்துக் காட்டியிருக்கிறார். திரையை மட்டும் பிடித்த பதிவில் குரல் இருந்தது, பக்கம் இருந்தது, விரல் இல்லை. நாற்பது பாடத்திலும் இல்லை. சொந்தக் கணக்கு அவருக்கே பாதியில் நின்றுபோயிற்று.

எல்லோரும் சிரித்தோம். முதலில் சிரித்தது நான். நினைத்தால் இப்போதும் கூசுகிறது. என் பாடங்களிலும் நான் விரலால்தான் காட்டியிருந்தேன். அங்கே வாயைத் திறக்கவில்லை.

அவர் முகம் சுண்டிப்போயிற்று. இடத்துக்கு வந்து, கைபேசியில் பழைய மின்னஞ்சல்களைத் தேடி எடுத்து என்னிடம் நீட்டினார். மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்த்துக்கொண்டே படித்த ஒரு பெண் மூன்று முறை எழுதியிருந்தாள்: “சார், நீங்க ‘இது’ன்னு சொல்றது எதுன்னு தெரியல.” மூன்றுக்கும் இவர் அனுப்பியது ஒரே பதில்: “கவனமாகப் பார்த்தால் தெரியும்.” தேர்வில் அவள் தேறவில்லை. இன்னும் வெளிவராத முடிவுப் பட்டியல் அன்றைக்கே மாலை ஐந்து மணிக்குத் தேர்வு அலுவலகத்துக்குப் போகிறது.

“மூணு தடவை கேட்டிருக்கா. ஒரு தடவையாவது நான் திறந்து பாத்தேனா? மானம் போகுது மேடம்,” என்றார் என்னிடம். அந்தக் குரல் பக்கத்தில் இருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

நேரே முதல்வர் அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். பாடங்களைத் திரும்பப் பதிவு செய்து, எல்லோருக்கும் மறுதேர்வு வைக்க வேண்டும் என்றார். முதல்வர் நெற்றியைத் தேய்த்தார்.

“வெளிய தெரிஞ்சா நம்ம பேரு என்னாகும்?”

“என் பேருதானே சார் கெடணும்? கெடட்டும்.”

முதல்வர் என் பக்கம் திரும்பினார். “உங்க பாடமெல்லாம் ஒழுங்குதானே?”

“இல்ல சார். என்னுதும் அதே கதிதான்,” என்றேன்.

பட்டியல் நின்றது; மறுதேர்வும் முடிவாயிற்று. வராந்தாவுக்கு வந்ததும் ஒலிபெருக்கி அந்த நர்ஸ் பெண்ணைப் போனில் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார். நடந்ததைச் சொல்லி, மறுதேர்வு எழுத வரச் சொன்னார்.

“பரவாயில்ல சார். பரீட்சை எழுதின அன்னிக்கே படிப்பை விட்டுட்டேன். எனக்கு மண்டையில ஏறாதுன்னு வீட்ல சொன்னேன். எங்களுக்கு அப்பவே தெரியும்னாங்க.”

அவர் கைபேசியை வாயருகே கொண்டுபோனார்.

“வீட்ல இப்ப யாரும்மா இருக்காங்க?”

“அவரும் மாமியாரும் இருக்காங்க சார்.”

“அவங்ககிட்ட போனைக் குடும்மா. மக்கு நீ இல்ல, நான்தான்னு அவங்ககிட்ட நானே சொல்லணும்.”