யாருக்கு? எதை?

எங்கள் வீட்டில் ஸ்பானிஷ் மொழி பேசப்பட்டது ஒரே ஒரு மழைக்காலத்தில்தான். பேசியது சின்னம்மா, கேட்டது நான். மற்றவர்கள் அதைப் போனில் வருகிற ஏதோ ஒரு தொந்தரவு என்று பொறுத்துக்கொண்டார்கள்.

சின்னம்மா என் அம்மாவின் கடைசித் தங்கை. கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டு செஞ்சியில் எங்களோடு தங்கியிருந்தாள். மெக்சிகோக்காரர்கள் போன் செய்தால் எடுத்துப் பதில் சொல்லும் வேலை சென்னையில் ஒரு கம்பெனியில் இருக்கிறது, ஸ்பானிஷ் தெரிந்தால் உடனே எடுத்துக்கொள்கிறார்கள் என்று அவளுடைய தோழி சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து சாயங்காலமானால் சின்னம்மா போனில் வரும் ஸ்பானிஷ் வகுப்புக்காக அதைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். கீழே சிக்னல் கிடைக்காது. மாடியிலும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ராஜகிரி மலைக்கோட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தால்தான் கிடைக்கும்.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. என்னையும் எதிரில் உட்கார வைத்துக்கொள்வாள். எனக்குக் கற்றுக்கொடுக்கும் எண்ணமெல்லாம் அவளுக்கு இல்லை. கொடுக்கிறேன், வாங்குகிறேன் என்று சொல்லிப் பார்க்க எதிரே ஓர் ஆள் வேண்டும். அக்கா ஏழாம் வகுப்பு, அவளுக்கு இதெல்லாம் கேவலம். அம்மாவுக்குக் கைக்குழந்தை. ஆகவே நான்.

வணக்கம், பெயர், ஊர் வரைக்கும் எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு அந்தக் குட்டிச் சொற்கள் வந்தன. மெ என்றால் எனக்கு. தெ என்றால் உனக்கு. லோ என்றால் அதை. சின்னம்மா என் கையில் பேனாவைக் கொடுத்து, “தெ லோ தோய்” என்பாள். உனக்கு அதைக் கொடுக்கிறேன். நான் திருப்பிக் கொடுக்கும்போது, “மெ லோ தாஸ்.” எனக்கு அதைக் கொடுக்கிறாய். யாருக்கு என்பது முதலில், எதை என்பது அடுத்து, கொடுப்பது கடைசியில்.

“நம்மள மாதிரியேதான்டி பேசறாங்க! உனக்கு, அத, குடுக்கறேன். பாத்தியா?” என்று சின்னம்மா தொடையைத் தட்டிச் சிரித்தாள்.

அந்தச் சந்தோஷம் மறுநாள் வகுப்பில் போய்விட்டது. ‘கொடு’ என்று ஏவினால் அந்த இரண்டு சொற்களும் முன்னாலிருந்து ஓடிப்போய் வினையின் வாலில் ஒட்டிக்கொள்ளுமாம். ‘தாமெலோ’ என்று மூன்றும் ஒரே சொல்லாகிவிடும். சரியென்று அதைப் பாடம் செய்து முடித்தால், ‘கொடுக்காதே’ என்னும்போது மறுபடியும் பிய்த்துக்கொண்டு முன்னால் வந்து நிற்குமாம். அவருக்கு என்பதற்கு லே. ஆனால் லேயும் லோவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கக் கூடாது. நின்றால் லே தன் பெயரை மாற்றிக்கொண்டு செ ஆகிவிடும். அவருக்கு, அவளுக்கு, அவங்களுக்கு, உங்களுக்கு எல்லோருக்கும் அந்த ஒரே செ.

“ஏன் சின்னம்மா?”

“யாருக்குத் தெரியும். லே லோன்னு சொன்னா காதுக்கு நல்லா இல்லியாம்.”

இதற்கு மேல் ‘அதை’ என்பதிலும் இரண்டு இருந்தன. சில பொருட்களுக்கு லோ, சிலவற்றுக்கு லா. பேனா ஆணாம், அதற்கு லோ. நாற்காலி, மேசை, கரண்டி எல்லாம் பெண்ணாம், அவற்றுக்கு லா. நாற்காலி எப்படிப் பெண் என்று எனக்குப் புரியவில்லை. சின்னம்மாவுக்கும் புரியவில்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் தொட்டியோரம் கிடந்த உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கீழே அம்மாவும் நைனாவும் பேசுவது கேட்கும்.

“குடுத்தியா?”

“குடுத்துட்டேன்.”

சின்னம்மா நெற்றியில் அடித்துக்கொள்வாள். “யாரு, யாருக்கு, இன்னா குடுத்தாங்க? ஒரு வார்த்தை இருக்குதா பாரு! இத நான் எப்படி ஸ்பானிஷ்ல சொல்றது? போய் கேட்டுட்டு வாடி.”

நான் மாடிப்படியில் தடதடவென்று இறங்குவேன். “யாருக்கு நைனா? எத?”

நைனா என் அப்பா, நெல் மண்டிக்கு வேன் ஓட்டுகிறவர். முதலில் அவருக்கு இது வேடிக்கையாகத்தான் இருந்தது. “வேன் சாவிய. கிளீனர் பையனுக்கு. போதுமா தாயி?” என்பார். நான் மேலே ஓடிச் சொல்வேன். சின்னம்மா மென்று விழுங்கி ஒரு வாக்கியம் செய்வாள். நாளடைவில் அவள் அனுப்பாமலே நான் கேட்க ஆரம்பித்துவிட்டேன். வீட்டில் யார் வாயைத் திறந்தாலும் பக்கத்தில் போய் நின்று, யாருக்கு, எதை என்பேன். “வெச்சாச்சா?” என்றால் மாட்டுக்குத் தவிட்டை. “ஊத்திட்டியா?” என்றால் தம்பிக்கு மருந்தை. அக்கா எனக்கு ‘போலீசு’ என்று பெயர் வைத்தாள். அம்மா, “இத மாடிக்கு அனுப்பாதடி, பைத்தியமாயிடும்” என்று தங்கையைத் திட்டினாள்.

அந்தச் சமயத்தில்தான் ஓசூரிலிருந்து பெரியம்மாவும் பெரியப்பாவும் வந்தார்கள். பெரியம்மா அம்மாவுக்கு அக்கா. பெரியப்பாவுக்கு அங்கே ஒரு பாக்டரியில் வேலை. அவர்களுக்குக் குழந்தை இல்லை. இந்தச் செய்தி எனக்குத் தெரியும், ஆனால் அது அவர்கள் வீட்டில் பிரிட்ஜ் இருக்கிறது என்பதைப் போன்ற ஒரு செய்தி. தம்பியைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று சொன்னார்கள். பெரியம்மா தம்பியை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தலை வாரிவிட்டாள். ஒரு முறை வாரிய பின்னலைப் பிரித்து மறுபடியும் வாரினாள்.

மறுநாள் மதியம் உள்ளறைக் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. நான் வெளியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தேன்.

“அத எனக்குக் குடுத்துடுடி. நான் நல்லா வெச்சிக்கறேன்” என்றது பெரியம்மாவின் குரல்.

“எப்படிக்கா குடுக்கறது? நீ பாட்டுக்குக் கேட்டுட்ட.”

“யோசிச்சி சொல்லு சகல. அவசரம் ஒண்ணும் இல்ல” என்று பெரியப்பா நைனாவிடம் சொன்னார்.

எனக்கு ஒரே மகிழ்ச்சி. தானாக வந்து விழுந்த வாக்கியம். யாருக்கு என்பது தெரிந்துவிட்டது, பெரியம்மாவுக்கு. எதை என்பதுதான் பாக்கி. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

“எத?”

நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். நைனா சட்டென்று எழுந்து, “எதையும் இல்ல. போய் வெளயாடு” என்றார். அவர் இதுவரை அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருந்ததே இல்லை.

நேராக மாடிக்குப் போனேன். “சின்னம்மா, பெரிம்மாவுக்கு அத குடுக்கப் போறாங்களாம். எப்படி சொல்றது?”

சின்னம்மா போனிலிருந்து தலையைத் தூக்காமல், “செ லா…” என்று ஆரம்பித்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தாள். “யாருடி உன்கிட்ட சொன்னாங்க?” என்றாள். அவள் முகம் மாறியதை நான் கவனித்தேன்தான். ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாக ஒன்று கிடைத்திருந்தது. லோ இல்லை, லா. கொடுக்கப்போவது ஒரு லா.

எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் பிள்ளைகளை அது, இது என்றுதான் சொல்வார்கள். அது சாப்டுச்சா, இது தூங்குதா என்பார்கள். ‘இத மாடிக்கு அனுப்பாத’ என்று அம்மா என்னைத்தான் சொன்னாள், எனக்கும் அது தெரியும். பெரியம்மா கேட்ட ‘அத’வும் நான்தான். இரண்டாவது பெண்ணைத் தன்னிடம் விட்டால் ஓசூரில் நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்த்துத் தன் மகளாகவே வளர்க்கிறேன் என்று கேட்டிருக்கிறாள். இதையெல்லாம் வெகுகாலம் கழித்துச் சின்னம்மா எனக்குச் சொன்னாள். அன்றைக்கு எனக்கு அது தோன்றவே இல்லை. நான் வீட்டைச் சுற்றிக்கொண்டு லாக்களைத் தேடினேன்.

மேசையாக இருக்க முடியாது, ஒரு கால் ஆடுகிறது. நாற்காலி பெரியம்மாவிடம் நிறைய உண்டு. கரண்டிக்காக யாரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசமாட்டார்கள். கடைசியில் பின்கட்டுக்குப் போய் நின்றேன். அங்கே எங்கள் கன்றுக்குட்டி கட்டியிருந்தது. கிடேரிக் கன்று, அதாவது பெண். நெற்றியில் வெள்ளை. என் பாவாடை நுனியைச் சப்பித் தின்னும். அதை நல்லா வெச்சிக்கறேன் என்று பெரியம்மா சொன்னதும், எப்படிக்கா குடுக்கறது என்று அம்மா கலங்கியதும் சரியாகப் பொருந்திவிட்டது. கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன்.

ஆனால் அழுது முடித்ததும் வேறு மாதிரி யோசனை வந்தது. பெரியம்மா வீட்டில் மாடே கிடையாது. எங்கள் பசுவோ மறுபடியும் சினையாக இருந்தது.

அடுத்த நாள் சோறு போடும்போது எல்லோரும் இருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்காமல் சாப்பிட்டார்கள். நான்தான் பேசினேன்.

“எம்மா, குடுத்துடலாம்மா. பெரிம்மா பாவம். அவங்ககிட்ட ஒண்ணுகூட இல்ல. நமக்குதான் இன்னொண்ணு இருக்குதே.”

அம்மாவின் கையில் ரசக் கரண்டி அப்படியே நின்றது. பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியப்பா மெதுவாக, “பாப்பாவுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்குது சகல. அதுவே சொல்லிடுச்சி” என்றார்.

“நீயே சொல்றியாடி? உனக்குக் கஷ்டமா இருக்காதா?” என்று அம்மா கேட்டாள்.

“கஷ்டமாத்தான் இருக்கும். அப்புறம் சரியாயிடும்.”

சின்னம்மா எழுந்து கையைக் கழுவிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். அம்மா ரசம் ஊற்றாமலே அடுப்படிக்குப் போனாள். இவ்வளவு நல்ல யோசனையைச் சொல்லியும் ஏன் ஒருவரும் என்னைப் பாராட்டவில்லை என்று எனக்குக் குழப்பமாக இருந்தது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தன. நைனா என்னைக் கூப்பிட்டு, “பெரிம்மாகூட ஓசூருக்குப் போறியா பாப்பா?” என்றார். கன்றைக் கொண்டுபோய் விட நானும் போகவேண்டும் என்று நினைத்தேன். புது இடத்தில் அது பயப்படும் இல்லையா. “போறேன் நைனா” என்றேன். என் துணிகளைப் பையில் வைத்தார்கள். இரண்டு நாளைக்கு இத்தனை பாவாடை எதற்கு என்று அக்காவிடம் கேட்டேன், அவள் என் கையில் தன்னுடைய கலர் பென்சில் டப்பாவைக் கொடுத்துவிட்டு ஓடிப்போனாள். அவள் அதைத் தொடக்கூட விட்டதில்லை. அம்மா தம்பிக்குப் பால் கொடுக்கிறேன் என்று உள்ளே போனவள் வெளியே வரவேயில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு வேனில்தான் போனோம். பின்னால் கன்று இல்லை. லாரியில் தனியாக வரும்போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். புதுச்சேரியிலிருந்து பெங்களூர் போகிற பஸ் வந்து நின்றது. பெரியப்பா ஏறி இடம் போட்டார். பெரியம்மா என்னை ஜன்னலோரம் உட்காரவைத்தாள். நைனா வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய வேன் பஸ் போகிற வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று யாரோ கத்தினார்கள். அவர் காதில் விழவில்லை.

டிரைவர் ஏறி உட்கார்ந்ததும் எனக்குப் பதற்றமாகிவிட்டது. “பெரிம்மா, கன்னுக்குட்டி?”

“இன்னா கன்னுக்குட்டி?”

“உங்களுக்குக் குடுத்தமே, அது. அது எப்ப வரும்? நான் இல்லன்னா பயப்படும்.”

பெரியம்மா என் முகத்தையே பார்த்தாள். “உனக்கு எதுக்குடி கன்னுக்குட்டிய எனக்குக் குடுக்கணும்னு தோணுச்சி?”

“நீங்கதானே கேட்டீங்க. அத குடுத்துடுன்னு.”

“அப்ப நீ எதுக்கு எங்ககூட வர்ற?”

“கன்னுக்குட்டிய விட்டுட்டு வர்றதுக்கு. ஞாயித்துக்கெழம நைனா வந்து கூப்ட்டுக்குவாரு இல்ல?”

ஜன்னலுக்கு வெளியே நைனாவுக்கும் இது கேட்டது. பெரியப்பா, “பரவால்ல, போகப் போக சரியாயிடும். பஸ்ஸு எடுக்கப் போறான்” என்றார்.

பெரியம்மா எழுந்தாள். ஒரு கையில் என்னையும் ஒரு கையில் பையையும் தூக்கினாள். நான் அவ்வளவு சின்னப் பிள்ளை இல்லை, கனத்திருப்பேன். நின்றவர்களைத் தள்ளிக்கொண்டு படிக்கட்டுக்கு வந்து, ஓடி வந்த நைனாவின் கையில் என்னைக் கொடுத்தாள்.

“தெரிஞ்சி வருதுன்னு நெனச்சேன். தெரியாம கூட்டிட்டுப் போறது வேணாம்” என்றாள். கண்டக்டர் விசில் கொடுத்தார். நான் டாட்டா காட்டினேன். பெரியம்மா திரும்பிப் பார்க்கவில்லை. கன்றைக் கொடுக்காததால் கோபம் என்று நினைத்தேன். வேனில் வரும்போது நைனாவிடம், “அடுத்த வாரமாவது அனுப்பிடலாம்” என்றேன். அவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

பெரியம்மா அதன் பிறகும் எங்கள் வீட்டுக்கு வந்தாள், எனக்குப் பின்னல் போட்டுவிட்டாள், ஆனால் என்னைக் கொடு என்று அம்மாவிடம் மறுபடி கேட்கவில்லை. சின்னம்மா அந்த வேலை கிடைத்துச் சென்னைக்குப் போனாள்.

அன்றைக்கு பஸ் ஸ்டாண்டிலிருந்து நாங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது அம்மா வாசலில் நின்றிருந்தாள். வேனிலிருந்து பையோடு இறங்கிய என்னைப் பார்த்தாள். தம்பியைச் சின்னம்மாவிடம் கொடுத்துவிட்டு வேகமாக வந்து, என் முதுகில் பளாரென்று ஓர் அடி வைத்தாள்.

“போறேன்னு சொல்லிட்டியேடி! கொஞ்சம்கூட யோசிக்காம போறேன்னு சொல்லிட்டியேடி!”

அடித்த கையாலேயே என்னை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். எனக்கு மூச்சு முட்டியது. பையில் துணி வைத்து அனுப்பியதும் இவர்கள்தான், போகாமல் திரும்பி வந்தால் அடிப்பதும் இவர்கள்தான், இதில் நான் செய்த தப்பு என்ன என்று புரியாமல் அவள் புடவைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன்.