ஒரே நீலத்தில் இரண்டு பட்டன்

டயாலிசிஸ் மையம் ஒன்றின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு புகார் வந்ததில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம். கணவர் அவளுக்கு வைத்த பெயர் 'இன்ஸ்பெக்டர்'.

ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மையத்து நர்ஸ் போன் செய்தார்.

"என்னம்மா, இன்னைக்கு ஒன்பது பேர் வரலைன்னு ரத்து பண்ணியிருக்காங்க. இப்படி நடந்ததே இல்லையே."

கணினியில் பதிவுகளைத் திறந்தாள். ஒன்பது பேரும் லாகின் செய்த இரண்டாவது நொடியில் ரத்து செய்திருந்தார்கள்.

லாகின் செய்யாதவர்களுக்கு 'உள்ளே செல்ல' என்று ஒரு நீலப் பட்டன். உள்ளே போனதும் அதே இடத்தில், அதே நீலத்தில், 'வருகையை ரத்து செய்ய'. பார்க்க ஒரே மாதிரி இருக்கட்டும் என்று வெள்ளிக்கிழமை அவள்தான் மாற்றினாள். பக்கம் திறக்கத் தாமதமானால் யாரும் இன்னொரு தட்டு தட்டத்தானே செய்வார்கள்? அந்த இரண்டாவது தட்டு ரத்தில் விழுந்திருக்கிறது.

ரத்துப் பட்டனையே எடுத்துவிட்டு, "அக்கா, தப்பு என்னோடதுதான். எல்லாரையும் கூப்பிடுங்க" என்றாள்.

எட்டுப் பேர் எடுத்தார்கள். தனியாக வசிக்கும் ஒரு தையல்காரம்மா மட்டும் எடுக்கவில்லை.

"போன தடவையும் அவங்க வரல. இன்னைக்கும் விட்டா மூச்சு முட்டிரும்" என்றார் நர்ஸ்.

முகவரியை வாங்கிக்கொண்டு ஓடினாள். நான்கு தெரு தள்ளி, இரண்டாவது மாடி. கதவைத் தட்டினாள். பதில் இல்லை. காதை வைத்துக் கேட்டாள். தையல் மெஷின் சத்தம்கூட இல்லை. உள்ளங்கை வலிக்க மறுபடி தட்டினாள். வெகுநேரம் கழித்துத் தாழ்ப்பாள் நகர்ந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார் அந்த அம்மா, முகம் வீங்கியிருந்தது.

"போன் எடுக்கலையேம்மா."

"சார்ஜ் இல்ல கண்ணு. காலையில நேரம் பார்க்கப் போனா ரத்துன்னு வந்துச்சு. போன தடவை வரலைன்னு டாக்டரே என்னை வேணாம்னுட்டாரோன்னு படுத்துட்டேன்."

தோளில் சாய்த்து இறக்கி, மையத்துக்குப் போக ஆட்டோவில் ஏற்றினாள். வழியெல்லாம் அந்த மூச்சையே கேட்டுக்கொண்டு வந்தாள்.

நான்கு மணி நேர டயாலிசிஸ் முடிந்துதான் தையல்காரம்மாவுக்குத் தெளிவு வந்தது. விஷயத்தைக் கேட்டதும், "நானும் பட்டன் வைக்கிறவதான். ஒண்ணுபோல இருந்தாத்தான் எனக்குக் கூலி. உன் வேலை தலைகீழா இருக்கே" என்றார்.

லாகின் செய்தவர்களுக்கான ரத்துப் பட்டன் இப்போது சிவப்பு. பக்கத்தின் அடியில் இருக்கிறது, 'நிச்சயமாகவா?' என்று கேட்டுவிட்டே வேலை செய்யும். வேலை போகவில்லை. ஆனால் காலையில் போன் அடித்தால் இன்றும் முதலில் ரத்துப் பட்டியலைத்தான் திறக்கிறாள்.