கைக்கெட்டிய பிரேக்

தை மாதத்தில் கும்மிடிப்பூண்டியில் ஒரு கல்யாணம். வேப்பம்பட்டிலிருந்து எங்கள் புது எலெக்ட்ரிக் காரில் கிளம்பினோம். கணவருக்கு சர்க்கரை உண்டு. மாத்திரையைப் போட்டுக்கொண்டார், சாப்பிடவில்லை.

"அங்க போய்ப் பந்தியில உட்காரத்தானே போறோம்" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

புதுவாயல் நெருங்கும்போது அவர் பேச்சு குழறியது. சர்வீஸ் ரோட்டில் ஒரு டீக்கடைக்கு முன்னால் வண்டி மெதுவானது. ஏதாவது வாங்கிச் சாப்பிடத்தான் நிறுத்துகிறார் என்று நினைத்தேன். நிற்கவில்லை. அவர் தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. கூப்பிட்டேன், உலுக்கினேன்... பதில் இல்லை.

அவர் கால் எந்தப் பெடலிலும் இல்லை. ஆனாலும் இந்தக் கார் தானாக நகரும் — சத்தமே இல்லாமல், நடக்கிற வேகத்தில்.

என் கை இரண்டு சீட்டுக்கும் நடுவில் துழாவியது. பழைய காரில் அங்கே ஹேண்ட் பிரேக் இருக்கும்; மேட்டில் நின்றால் நானே இழுத்துவிடுவேன். இதில்? வழவழவென்று பிளாஸ்டிக், அதில் விரல் நுனி அளவுக்கு ஒரு ஸ்விட்ச். வண்டியை நிறுத்திய பிறகு அவர் அதைத் தூக்கிவிடுவதைத் தினமும் பார்த்திருக்கிறேன். ஓடுகிற வண்டியை அது நிறுத்துமா? கேட்டதே இல்லை. ஓட்டுகிறவர் அவர், எனக்கு எதற்கு?

எதிரே ஒரு லாரி நின்றிருந்தது. பயத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்து இடது பக்கம் இழுத்தேன்.

அங்கே ஒருவர் பைக்கில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பெயர் செல்வம். தேர்வாய் கண்டிகையில் ஒரு ஃபேக்டரியில் ஷிப்ட் முடிந்து வந்தவர். கார் பின்னாலிருந்து முட்டியதும் பைக்கோடு சாய்ந்தார். கால் அடியில் மாட்டிக்கொண்டது.

டீக்கடைக்காரர் சர்க்கரைத் தண்ணீர் புகட்ட, என் கணவர் தெளிந்துவிட்டார். செல்வத்துக்கு முழங்காலில் எலும்பு உடைந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"இன்னாக்கா, அந்த வண்டிக்கு பிரேக்கே கெடையாதா?"

"இருக்குப்பா. ஒரு ஸ்விட்ச். அதை இழுத்துப் பிடிச்சா நிக்குமாம். எனக்குத் தெரியாது."

"பக்கத்துலதான குந்திக்கினு இருந்தீங்க?"



செல்வம் இப்போது நடக்கிறார். ஆனால் ஷிப்ட் முழுக்க நின்று வேலை செய்ய முடியவில்லை. அவர் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். ஆஸ்பத்திரிச் செலவை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். அந்த வேலையை எப்படித் திருப்பித் தருவது?

பக்கத்து சீட்டிலேயே காலத்தை ஓட்டுகிற நம்மில் எத்தனை பேர் இதைக் கேட்டு வைத்திருக்கிறோம்? ஓட்டத் தெரியாவிட்டால் போகட்டும்... நிறுத்தவாவது தெரிய வேண்டாமா?

போன வாரம், எங்கள் வீட்டுக்குப் பின்னால் காலி மனைகளுக்கு நடுவே கணவரை மெதுவாக ஓட்டச் சொன்னேன். ஸ்விட்சை இழுத்துப் பிடித்தேன். கார் நின்றுவிட்டது.

அவ்வளவு சுலபமாக அது நிற்காமல் இருந்திருந்தால், எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.